படம் பிள்ளைகளுடையது, கடமை நம்முடையது



சென்ற மாதம் நடந்த நமது சங்கப் பொதுக்கூட்டத்தில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் நம் பிள்ளைகள் வரையும் படங்களைப் பொங்கல் வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டு விற்பது. கிடைக்கும் பணத்தைப் போரினால் வாழ்வு சிதைந்த குடும்பங்களைச் சேர்ந்த இளையோரின் படிப்புக்காகத் தமிழ்நாட்டு இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு அனுப்பிவைப்பது. யோசனை சிறியதுதான். ஆனால் அதைக் குறித்து எழுந்த விவாதம் இரவு பத்து மணி வரை நீண்டது.

முதலில் ஒரு தாய் எழுந்து கேட்டார்: "எங்க வீட்டுக்காரர் தினக்கூலி மஸ்தூர். என் பிள்ளைக்குக் கலர் பென்சில் வாங்கிக் கொடுக்கவே எனக்கு வழியில்லை. அது வரையுற படத்தை வித்து ஊரான் பிள்ளைக்கு அனுப்பணும்னா, இது என்ன நியாயம்?" கூட்டம் மௌனமாயிற்று.

பிறகு ஓர் இளைஞர் எழுந்தார். நல்ல உழைப்பாளி, சங்கத்துக்காக ஓடியாடுகிறவர். "பூவும் மயிலும் வரைந்தால் யார் வாங்குவார்கள்? குண்டு விழுவதை வரையச் சொல்லுங்கள். பிணத்தின் மேல் விழுந்து அழும் குழந்தையை வரையச் சொல்லுங்கள். அபர்தீன் பஜாரில் சுற்றுலாப் பயணிகள் நின்று பார்ப்பார்கள், காசும் கொடுப்பார்கள்" என்றார். சிலர் கை தட்டினார்கள்.

இவ்விரு பேச்சுகளுக்கும் பதில் சொல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்பதால் இம்மாதத் தலையங்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

குழந்தைகளின் ஓவியத்தைக் கொண்டு போரில் அடிபட்டவர்களுக்கு உதவி திரட்டுவது புதிய காரியமல்ல. 1936 முதல் 1939 வரை ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. பாசிஸ்டுகளின் விமானங்கள் ஊர்களின் மீது குண்டு பொழிந்தன. தப்பிய குழந்தைகளைப் பாதுகாப்பான இடங்களில் கூட்டு விடுதிகளாக அமைத்துத் தங்கவைத்தார்கள். அங்கே ஆசிரியர்கள் அவர்களுக்குக் காகிதமும் வண்ணமும் கொடுத்தார்கள். குழந்தைகள் விமானத்தை வரைந்தார்கள். எரிகிற வீட்டை வரைந்தார்கள். விட்டு வந்த ஊரையும் வரைந்தார்கள். அந்தப் படங்களிலிருந்து அறுபதைத் தேர்ந்தெடுத்து, 'அவர்கள் இன்னும் படம் வரைகிறார்கள்' என்று பொருள்படும் தலைப்பில் 1938-இல் அமெரிக்காவில் ஒரு நூல் வெளியிடப்பட்டது. எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி முன்னுரை எழுதினார். ஸ்பெயின் குழந்தைகளின் நிவாரணத்துக்கு ஆதரவு திரட்டவே அந்த நூல் வந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1946 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தைகள் நிதியம், அதாவது யுனிசெஃப், தொடங்கப்பட்டது. போரில் நொறுங்கிய ஐரோப்பிய நாடுகளின் குழந்தைகளுக்குப் பாலும் மருந்தும் கொடுப்பது அதன் முதல் வேலை. அப்படி உதவி பெற்ற செக்கோஸ்லோவாகியா நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நன்றி சொல்லும் விதமாக ஒரு படம் வரைந்தாள். வரையக் காகிதம் இல்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வரைந்தாள். ஆசிரியர் அதை யுனிசெஃப் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். 1949-இல் வெளிவந்த யுனிசெஃப்பின் முதல் வாழ்த்து அட்டை அந்தப் படந்தான். அதன் பிறகு பல ஆண்டுகள் யுனிசெஃப் அட்டைகள் உலகெங்கும் விற்பனையாகிக் குழந்தைகளுக்கு நிதி சேர்த்தன.

அந்தச் சிறுமி என்ன வரைந்தாள் என்பதை நமது இளைய தோழர் கவனிக்க வேண்டும். குண்டு வரையவில்லை; பிணம் வரையவில்லை. நட்டு நிறுத்திய ஒரு கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடிக் களிப்பதை வரைந்தாள். போரைக் கண்ட குழந்தை அவள். நாட்டைப் பிறர் படை பிடித்திருந்த காலத்தில் பிறந்தவள். ஆனாலும் அவள் சொல்ல விரும்பியது மகிழ்ச்சியை. அதைக் கேட்க உலகம் காசு கொடுத்தது. ஆக, துயரத்தை வரைந்தால்தான் விற்கும் என்ற கணக்கு தவறு என்பது 1949-லேயே தெரிந்துவிட்டது.

இதற்கு முந்திய ஒரு செய்தியும் நாம் அறிய வேண்டியது. பிராக் நகருக்கு வடக்கே டெரெசின் என்ற ஊரை நாஜிகள் யூத மக்களின் சிறையாக மாற்றியிருந்தார்கள். அங்கே அடைபட்டிருந்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டெய்ஸ் என்ற ஓவியர், குழந்தைகளுக்கு மறைவாகப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். கிடைத்த பழைய தாள்களில் குழந்தைகள் வரைந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் வரைந்த பிள்ளையின் பெயரை எழுதச் சொன்னார். மனிதர்களை எண்களாக்கி வண்டியில் ஏற்றிய காலத்தில், பிள்ளைகளுக்குப் பெயர் உண்டு என்று அந்த அம்மையார் நிலைநாட்டினார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் கொலைக்கூடத்துக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரும் மீளவில்லை. இரண்டு பெட்டிகளில் மறைத்துவைத்துவிட்டுப் போன சுமார் 4,500 படங்கள் பிழைத்தன. இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. அந்தப் படங்களிலுள்ள பெயர்களைக் கொண்டுதான் அக்குழந்தைகள் யாரென்று நமக்குத் தெரிகிறது.

அப்படியானால் போரைக் குழந்தைகள் வரையவே கூடாதா என்று கேட்கலாம். கூடாது என்று நாம் சொல்லவில்லை. 2007-இல், சூடான் நாட்டின் டார்ஃபூர் பகுதியிலிருந்து தப்பிச் சாட் நாட்டு முகாம்களில் தங்கியிருந்த குழந்தைகளிடம், அவர்களுக்கு நினைவில் நிற்பதை வரையச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான படங்கள் வந்தன. துப்பாக்கி ஏந்திய குதிரை வீரர்களும், எரியும் குடிசைகளும், குண்டு போடும் விமானங்களும் அவற்றில் இருந்தன. அந்தப் படங்கள் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டன. கண்ட குழந்தை, கண்டதைத் தானே சொன்னால் அது சாட்சியம். காணாத நம் குழந்தையிடம் 'ரத்தம் வரை, நன்றாக விற்கும்' என்று சொன்னால் அது வியாபாரம். இந்த வேற்றுமையை மறந்தால், பிறர் துயரத்தை மூலதனமாக வைத்துக் கடை திறந்தவர்களாகிவிடுவோம்.

இது நமக்குப் புத்தகத்தில் படித்த பாடம் மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26 காலையை நம்மில் யார் மறந்தோம்? அரசுக் கணக்கின்படியே இத்தீவுகளில் இறந்தோரும் காணாமற்போனோரும் மூவாயிரத்துக்கு மேல். தெற்குத் தீவுகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்களைப் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தோம். பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தகரக் கொட்டகைகள். அந்த நாட்களில் முகாம்களுக்கு வந்த சிலர் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துக் காகிதம் கொடுத்து, அலையை வரையச் சொன்னார்கள். ஒரு கூட்டம் போனதும் அடுத்த கூட்டம் வந்தது. மறுபடியும் அலை. தென்னை மரமும் கோழியும் வரைந்த ஒரு பையனிடம், "அலை எங்கே?" என்று கேட்டதை நாமே நின்று பார்த்தோம். அவன் அழித்துவிட்டு அலையை வரைந்தான். படங்களை வாங்கிக்கொண்டு போனார்கள். அவை எங்கே அச்சாயின, எவ்வளவு காசு வந்தது, அந்தப் பையனுக்கு அதில் ஒரு நோட்டுப் புத்தகமாவது வந்ததா என்று இன்று வரை நமக்குத் தெரியாது. வந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. பலர் நல்ல மனத்தோடு வந்தவர்கள். ஆனால் அந்தப் பையனின் கையிலிருந்த தென்னை மரத்தை அழிக்க யாருக்கும் உரிமையில்லை. நமக்குச் செய்யப்பட்டதை நாம் இன்னொருவருக்குச் செய்யலாகாது.

நல்ல முறையில் செய்தவர்களும் நம் இனத்தின் மத்தியிலேயே உண்டு. போர் உச்சத்திலிருந்த காலத்தில், 1996-இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் அருட்தந்தை பால் சற்குணநாயகமும் முன்னின்று தொடங்கியது அது. ஷெல்லடிக்கு நடுவே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே இடத்துக்கு வந்து களிமண் பிசைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள். வெளியே இரு சமூகத்துப் பெரியவர்களும் ஒருவரையொருவர் அஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே படம் வரைவது முதலில் வரைகிற பிள்ளைக்காக. பார்க்க வருகிறவர்களுக்காக அல்ல.

இனி, பணம் யாருக்குப் போகிறது என்பதைப் பார்ப்போம். 1983 ஜூலை வெறியாட்டத்துக்குப் பிறகு கடல் கடந்து இராமேசுவரம் கரையில் இறங்கிய மக்கள், பல அலைகளாக வந்து தமிழ்நாடெங்கும் முகாம்களில் குடியமர்த்தப்பட்டார்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இன்னமும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு அவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. புதிய வீடுகளுக்கும் கல்வி உதவிக்கும் திட்டங்கள் அறிவித்தது. அதை வரவேற்கிறோம்.

ஆனால் அம்முகாம்களில் பிறந்து வளர்ந்த ஒரு பையனையோ பெண்ணையோ நினைத்துப் பாருங்கள். போரை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. இலங்கையை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். 1987 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பிறந்த குழந்தைக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்தவர்களுக்கு விதி இன்னும் கடுமை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை. குடியுரிமை இல்லையென்றால் இந்தியப் பாஸ்போர்ட் இல்லை, வாக்கு இல்லை, அரசு வேலைக்கும் கதவு அடைப்பு. முட்டி மோதிக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்களும் பெயின்ட் அடிக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். தாத்தா காலத்துப் போர் பேரனின் தோளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. போரால் பாதிக்கப்பட்ட இளையோர் என்று நாம் சொல்வது இவர்களையுந்தான்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறோம். 'ஊரான் பிள்ளை' என்றார். அம்மா, அவர்கள் நமக்கு ஊரான் பிள்ளைகள்தானா? நிக்கோபார் மாவட்டத்துக் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து குடியேறிய நம் மக்கள் எங்கிருந்து வந்தவர்கள்? 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. அவர்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களில் சில குடும்பங்கள்தாம் கச்சாலுக்கு வந்தன. அங்கே வேர் பிடித்த பிறகு, 2004-இல் கடல் வந்து அந்தத் தீவையும் அடித்தது. இந்தத் தீவுகளும் போரை அறியாதவை அல்ல. 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை ஜப்பானியர் பிடியில் இங்கிருந்த மக்கள் பட்டினியும் சித்திரவதையும் பட்டார்கள். 1944 ஜனவரி 30-இல் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றைய பிள்ளைகளின் கையில் ஒரு வண்ணப் பென்சில் கொடுத்தவர் உண்டென்று நாம் கேள்விப்பட்டதில்லை. 2004-இல் நமக்கு அரிசி வந்தது, துணி வந்தது, பெயர் தெரியாத எத்தனையோ ஏழைகள் அனுப்பியது வந்தது. அந்தக் கடன் நம்மிடம் பாக்கி இருக்கிறது.

ஆனாலும் அந்தத் தாய் கேட்டதில் பாதி முழு நியாயம். தன் பிள்ளையின் கையில் பென்சில் இல்லாதபோது அவன் உழைப்பை வாங்கித் தானம் செய்வது சங்கத்துக்கு அழகல்ல. எனவே செயற்குழு கூடிச் சில முடிவுகள் எடுத்திருக்கிறது. அவற்றை வெளிப்படையாக வைக்கிறோம்.

முதலாவது: வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வண்ணப் பென்சில் பெட்டியும் வரைதாளும் சங்க நிதியிலிருந்து முன்கூட்டியே வழங்கப்படும். அது பிள்ளைக்கே சொந்தம். திருப்பித் தர வேண்டியதில்லை. படம் வரையாத பிள்ளைக்கும் உண்டு.

இரண்டாவது: என்ன வரைய வேண்டுமென்று யாரும் சொல்லக் கூடாது. கப்பல் வரையலாம், வெற்றிமலை முருகன் கோயில் தேர் வரையலாம், அம்மா மீன் ஆய்வதை வரையலாம். எந்தப் பிள்ளையாவது தானாகப் போரை வரைந்தால் அதையும் மறைக்க வேண்டியதில்லை. பரிசு, முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது.

மூன்றாவது: அசல் படம் வரைந்த பிள்ளையின் வீட்டுச் சுவருக்கு. அச்சுப் பிரதி மட்டுமே விற்பனைக்கு. பெற்றோரும் பிள்ளையும் சம்மதித்தால் அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கும்.

நான்காவது: பணம் பெறும் இளையோரை மேடையேற்றிப் புகைப்படம் எடுப்பதில்லை. அவர்கள் நமக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டியதும் இல்லை. கல்லூரிக் கட்டணமும் புத்தகச் செலவும் நேராகக் கட்டப்படும்.

ஐந்தாவது: கணக்கு. தண்டவாளமே இல்லாத தீவில் ரயில் டிக்கெட் பதிந்து கொடுத்துப் பழகியவர்கள் நாம் என்று நம்மைக் கேலி செய்வார்கள். கேலி இருக்கட்டும். டிக்கெட் கவுண்டரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் எண் உண்டு. நாள் முடிவில் விற்ற டிக்கெட்டும் பெட்டியிலுள்ள ரொக்கமும் ஒத்துவர வேண்டும். குறைந்தால் குமாஸ்தா தன் கையிலிருந்து கட்ட வேண்டும். அதே முறையில் நமது அட்டைகளுக்கும் வரிசை எண் இருக்கும். அச்சுச் செலவைச் சங்கம் ஏற்கும். வசூலில் கை வைக்கப்படாது. டெய்ரி ஃபார்ம், ஜங்லிகாட், ஹட்பே, ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் என்று எந்தக் கிளை எத்தனை அட்டை வாங்கியது, எத்தனை விற்றது, எத்தனை திரும்பியது என்ற விவரம் இந்தப் பத்திரிகையில் அச்சாகும். குறைந்தால் பொறுப்பேற்றவர் கட்ட வேண்டும்.

தோழர்களே! இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். வாழ்த்து அட்டை விற்று ஒரு சமூகத்தின் தலைவிதியை மாற்ற முடியாது. முகாமில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை வழங்க வேண்டியது இந்திய அரசு. அதைக் கேட்டுப் போராட வேண்டியது நாம். அட்டை விற்ற திருப்தியில் அந்தக் கோரிக்கையை மறந்துவிட்டால், நாம் செய்தது தருமமாக முடிந்துவிடும்; கடமையாகாது. ஆகவே ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும், முகாம்களில் பிறந்து வளர்ந்தோருக்குக் குடியுரிமை வழங்குக என்ற ஒரு வரி கட்டாயம் இருக்கும். வாங்குகிறவர் ஒரு பிள்ளையின் படத்தோடு ஒரு நியாயத்தையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும்.

இன்று காசாவிலும் சூடானிலும் உக்ரைனிலும் குண்டுச் சத்தத்தில் பிள்ளைகள் வளர்கிறார்கள். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் போர்ட் பிளேரின் ஒரு சிறு சங்கத்தால் அத்தனை பேருக்கும் கை நீட்ட முடியாது. மூன்று நாள் கப்பல் தூரத்தில் நம் மொழி பேசும் சில பிள்ளைகளின் ஒரு வருடப் படிப்புக்கு நம்மால் முடியும். முடிந்ததைச் செய்வோம்.

கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தாய்க்கு ஒரு வார்த்தை. நீங்கள் கேட்டிராவிட்டால் முதல் முடிவு வந்திருக்காது. பென்சில் பெட்டிகளை வாங்கி வைத்தாயிற்று. வருகிற ஞாயிறு காலை உங்கள் பிள்ளையை அனுப்பிவையுங்கள். விருப்பமானதை வரையட்டும்.